நெல் கிட்டங்கியில் நச்சுப்புகை: குமரி மாவட்டத்தில் கைக்கொள்ள வேண்டிய பாதுகாப்பு முறைகள்

கும்பப்பூப் பருவத்து நெல் மாசியிலும் பங்குனியிலும் அறுவடையாகிக் கிட்டங்கிக்கு, அதாவது சேமிப்புக் கிடங்குக்கு, வந்து சேர்கிறது. அடுத்து வரும் வெயில் மாதங்களில் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிக் காற்றின் ஈரம் மூட்டைக்குள் ஏறியதும், அதுவரை கண்ணில் படாமல் தானியத்துக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்த பூச்சிகள் ஒரேயடியாக வெளியே வருகின்றன. நெல்லில் அந்துப்பூச்சியும் தானியத் துளைப்பானும், அரிசியில் கூன்வண்டும், குருணையிலும் தவிட்டிலும் சிவப்பு மாவு வண்டும், பயறில் பயறுவண்டும் தென்படும். மற்றப் பருவமான கன்னிப்பூ நெல்லுக்கு வேறொரு சிக்கல் உண்டு. சரியாகக் காய்வதற்குள் அது பல ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்கிறது. இரண்டு மழையும் பெய்யும் இம்மாவட்டத்தில் தானியத்தைச் சேமிப்பவர் எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் நச்சுப்புகை போடுவதை, அதாவது தானியத்தை மூடி வைத்து நச்சு வாயுவால் பூச்சியைக் கொல்வதைப் பற்றி யோசிக்கவே செய்கிறார்.

அரிசி ஆலை, விதைக் கிடங்கு, கூட்டுறவுச் சங்கக் கிட்டங்கி, மொத்த வியாபாரக் கடை ஆகியவற்றின் உரிமையாளருக்கும் பொறுப்பாளருக்கும், அவற்றை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கும் உரியது இந்த வழிகாட்டி. நச்சு வாயுவை விடும் மாத்திரையைக் கையில் எடுத்து வைப்பது உரிமம் பெற்ற வல்லுநரின் வேலை. ஆனால் அவர் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார். நச்சு வாயு ஒரு வாரம் உங்கள் கட்டடத்துக்குள் இருக்கும். அந்த ஒரு வாரத்தின் பொறுப்பு முழுவதும் கிட்டங்கியின் சாவியை வைத்திருப்பவரைச் சேர்ந்தது.

வீட்டுக்குள் எந்த அளவிலும் கூடாது

தானியப் பூச்சிக்கு இன்று பயன்படும் மருந்து அலுமினியம் பாஸ்பைடு. 56 விழுக்காடு மருந்து கொண்ட 3 கிராம் மாத்திரை ஒவ்வொன்றும் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து ஏறத்தாழ 1 கிராம் பாஸ்பீன் வாயுவை விடுகிறது. மாத்திரை சாம்பல் நிறத் தூளாக உதிர்ந்துவிடுகிறது. பூச்சியைக் கொல்வது இந்த வாயுதான். மனிதரையும் ஆடு மாடுகளையும் கொல்வதும் இதுவே. இதற்கு முறிமருந்து கிடையாது.

பழைய வீடுகளில் நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி வைப்பார்கள். அந்தப் பத்தாயம் பெரும்பாலும் படுக்கும் அறையிலோ அதை ஒட்டிய அறையிலோ இருக்கும். பலகைக்குப் பலகை இடைவெளி உள்ள மரப்பெட்டிக்குள் பாஸ்பீன் தங்குவதில்லை. தங்காத வாயு பூச்சியையும் கொல்லாது. வெளியேறி, உறங்குகிறவர்களைச் சென்றடையும். சாக்கு மூட்டை, பிளாஸ்டிக் டிரம், அலமாரி என எதில் வைத்தாலும் நிலைமை இதுவே. துணியில் ஒரேயொரு மாத்திரையைச் சுற்றி அரிசிக்குள் வைப்பதை யாராவது சிக்கனமான கைமுறையாகச் சொன்னால், அதைக் கேட்கவே கூடாது.

சட்டமும் இதையே சொல்கிறது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் அலுமினியம் பாஸ்பைடு கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அரசு நிறுவனங்கள், சேமிப்புக் கிடங்குகள், அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் ஆகியோருக்கு மட்டுமே, தகுதி பெற்ற வல்லுநரின் மேற்பார்வையில் பயன்படுத்துவதற்காக அது விற்கப்பட வேண்டும். 10 அல்லது 20 மாத்திரைகள் கொண்ட சிறு குழாய்கள் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு புழங்கின. அவை முழுமையாகத் தடை செய்யப்பட்டுவிட்டன. வீடுகளில் பயறுக்குப் பயன்படுத்திய இ.டி.பி. (எத்திலீன் டைபுரோமைடு) ஆம்பூல் என்ற கண்ணாடிக் குப்பி மருந்தும் தடை செய்யப்பட்டதே. யாரிடமாவது பழைய இருப்பு இருந்தால் அதைத் திறக்காமல் வேளாண்மைத் துறை அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் இந்த மாத்திரை வீட்டுக்குள் வருவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தென்னையில் சிவப்புக் கூன்வண்டு துளைத்த ஓட்டைக்குள் இதை வைத்துக் களிமண்ணால் அடைக்கும் வழக்கம் தோப்புக்காரர்களிடம் உண்டு. எலி வளைக்குள் போடுபவர்களும் உண்டு. மிச்சமாகும் மாத்திரைகள் டப்பாவில் அடைபட்டு அடுக்களைப் பரணுக்குப் போய்விடுகின்றன. மழைக்காலத்தில் அந்த டப்பாவுக்குள் ஈரம் நுழைந்தால் பரணே நச்சுக்கூடமாகிவிடும். எந்தக் காரணத்துக்காக வாங்கியிருந்தாலும் இந்த மாத்திரை குடியிருக்கும் கட்டடத்தின் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது.

வீட்டில் சேமிப்பவர்களுக்கு வேறு வழிகள் போதுமானவை. நெல்லை 14 விழுக்காட்டுக்குக் கீழும், பயறு வகைகளை 10 விழுக்காட்டுக்குக் கீழும் ஈரம் இருக்குமாறு காயவைத்து, காற்றுப்புகாப் பையில் இறுக்கிக் கட்டினால், உள்ளிருக்கும் பூச்சிகள் தாமே மூச்சுவிட்டு உயிர்வளியைத் தீர்த்துவிட்டு மடிகின்றன. துவரைக்குச் செம்மண் பூசுவதும், வேப்பிலை, நொச்சியிலை, வசம்புத் தூள் வைப்பதும் ஓரளவுக்குப் பயன் தருபவை. அவை ஏற்கெனவே நன்றாகக் காய்ந்த தானியத்துக்கே உதவும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். திருப்பதிசாரத்திலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் இவை குறித்துக் கேட்டறியலாம்.

இந்த வாயுவின் இயல்பு

பாஸ்பீனுக்கு நிறமில்லை. தூய பாஸ்பீனுக்கு மணமும் இல்லை. மாத்திரையிலிருந்து வரும் வாயுவில் பூண்டு வாசனையோ அழுகிய மீன் வாசனையோ அடிப்பதற்குக் காரணம் அதோடு சேர்ந்து வரும் பிற பொருள்கள். அந்த வாசப்பொருள்களைத் தானியம் உறிஞ்சிக்கொண்டு பாஸ்பீனை மட்டும் வெளியே விடுவதும் உண்டு. எனவே வாசனை அடித்தால் ஆபத்து என்பது உறுதி. வாசனை அடிக்காவிட்டால் ஆபத்தில்லை என்று கொள்வது தவறு. கிட்டங்கிக் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்து "ஒண்ணுமில்ல" என்று சொல்பவரின் சொல்லை நம்பி எவரும் உள்ளே செல்லக் கூடாது.

எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் 0.3 பங்கு. பத்து லட்சத்தில் 50 பங்கு என்பது உயிருக்கு உடனடி ஆபத்து தரும் அளவு. தானியத்தை மூடும் பிளாஸ்டிக் உறைக்குள் பூச்சியைக் கொல்ல நிலவ வேண்டிய அளவோ இதற்கும் பல மடங்கு மேலே. ஆகவே உறையின் ஒரு சிறு கிழிசலும் சிறிய விஷயமாகாது.

பாஸ்பீன் காற்றைவிடச் சற்றே கனமானது. ஆனாலும் தரையோடு தங்கிவிடாமல் எல்லாத் திசையிலும் பரவும். செங்கல் சுவரின் விரிசல், மின்கம்பிக் குழாய், கழிவுநீர் வழி, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஆகியவற்றின் வழியாக அடுத்த கட்டடத்துக்குள் நுழையும். செம்பு, பித்தளை, வெள்ளி ஆகியவற்றை அரிக்கும் தன்மை இருப்பதால் மின்னணுத் தராசு, கணினி, கண்காணிப்புக் கேமரா, கைப்பேசி எல்லாவற்றையும் முன்கூட்டியே அப்புறப்படுத்த வேண்டும். காற்றில் அதன் அளவு 1.8 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே தீப்பற்றக்கூடும். மாத்திரைகளைக் குவியலாக வைப்பதும், அவற்றின்மீது தண்ணீர் படுவதும் தீ விபத்தில் முடிவது இதனால்தான்.

போடலாமா என்று முடிவு செய்தல்

உயிருள்ள பூச்சி இருந்தால் மட்டுமே நச்சுப்புகை போட வேண்டும். இது முன்தடுப்பு மருந்து இல்லை. வாயு வெளியேறிய மறுநாளே பக்கத்து அட்டியிலிருந்து (மூட்டை அடுக்கிலிருந்து) வண்டு ஏறிவிட முடியும். தானியத்தில் எந்தக் காப்பும் தங்கியிருக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய் வடிவப் பூச்சிப் பொறியைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பூச்சி நடமாட்டத்தை அறியலாம்.

அடுத்தது ஈரம். நெல்லைப் பல்லால் கடித்துப் பார்த்து அது காய்ந்த பதத்தைச் சொல்லும் அனுபவசாலிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் ஈரமானியில் அளந்து பார்த்துக் குறித்துக்கொள்வதே முறை. ஈரம் மிகுந்த நெல்லுக்குப் புகை போட்டு ஒரு வாரம் உறைக்குள் மூடி வைத்தால் பூச்சி சாகும், நெல் பூஞ்சணம் பிடிக்கும். விதை நெல்லைப் பொறுத்தவரை, நன்றாகக் காய்ந்திருந்தால் பாஸ்பீன் முளைப்புத்திறனைக் கெடுப்பதில்லை.

கட்டடம்தான் அடுத்து வரும் கேள்வி. குமரி மாவட்டத்தில் வீடும் தோப்பும் கடையும் கிட்டங்கியும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற ஊர்களின் சந்தைத் தெருக்களில் கீழே கடைக் கிடங்கும் மேலே குடும்பமும் இருப்பது சாதாரணம். குடியிருப்போடு சுவரையோ தரைத்தளத்தையோ கூரையையோ பகிர்ந்துகொள்ளும் கட்டடத்தில் நச்சுப்புகை போடுவதில்லை என்று உரிமையாளரே முடிவெடுத்துவிட வேண்டும். அத்தகைய இடத்திலுள்ள தானியத்தை வேறு கிட்டங்கிக்கு மாற்றியே செய்ய வேண்டும். அந்தக் குடும்பத்தை இரண்டு நாள் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செய்யலாம் என்ற யோசனை உதவாது. வாயு ஒரு வாரம் உள்ளே இருக்கும் என்பதோடு, மேல்தளத்தில் தேங்கியதை யாரும் அளந்து பார்க்கப்போவதும் இல்லை.

ஓடு வேய்ந்த கட்டடத்தை முழுமையாக அடைக்க முடியாது. அங்கே அட்டிமீது உறை போட்டுச் செய்யும் முறை மட்டுமே பொருந்தும். அதற்கும் தரை சிமெண்டுத் தரையாக, வெடிப்பில்லாததாக இருக்க வேண்டும். மண் தரையின் வழியாகவும் எலி வளையின் வழியாகவும் வாயு நழுவிவிடும். கூரை ஒழுகும் இடத்தைச் சரிசெய்யாமல் மழை மாதங்களில் தொடங்கவே கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய தோவாளைப் பகுதியில் வைகாசி தொடங்கி ஆவணி வரை அடிக்கும் காற்று உறையின் ஓரத்தைத் தூக்கிவிடக்கூடியது. அங்கே திறந்த கொட்டகையிலோ களத்திலோ இதைச் செய்வதைத் தவிர்க்க வேண்டும்.

யாரைக் கொண்டு செய்விப்பது

பூச்சிக் கட்டுப்பாட்டாளர் வந்ததும் விலை பேசுவதற்கு முன்பு அவருடைய உரிமத்தைக் கேட்க வேண்டும். கரையானுக்கும் கரப்பானுக்கும் மருந்தடிக்கும் உரிமம் இதற்குப் போதாது. அலுமினியம் பாஸ்பைடைக் கையாளத் தனி அனுமதி தேவை. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், ஹாப்பூரிலுள்ள இந்திய தானியச் சேமிப்பு மேலாண்மை ஆராய்ச்சி நிறுவனம், ஹைதராபாத்திலுள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம் போன்றவற்றில் பயிற்சி பெற்றவரின் பொறுப்பில்தான் வேலை நடக்க வேண்டும். பயிற்சிச் சான்று ஒருவர் பெயரிலும், வேலைக்கு வருபவர் வேறொருவராகவும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

உரிமத்துக்குப் பிறகு அவருடைய கருவிகளைப் பார்க்க வேண்டும். துணியோ, தூசிக்கும் கிருமிக்கும் போடும் சாதாரண முகக்கவசமோ வாயுவைச் சிறிதும் தடுக்காது. பாஸ்பீனுக்கென்று குறிக்கப்பட்ட வடிகட்டிக் குப்பி பொருத்திய முழுமுகக் கவசம் தேவை. அந்தக் குப்பியும் பத்து லட்சத்தில் 15 பங்கு அளவு வரைதான் காப்பு தரும். அளவு அதைத் தாண்டினாலோ, எவ்வளவு என்று தெரியாத இடத்துக்குள் நுழைய நேர்ந்தாலோ முதுகில் காற்றுக் கலன் சுமக்கும் சுவாசக் கருவியே வேண்டும். வாயு அளக்கும் மின்னணுக் கருவியோ, நிறம் மாறும் கண்ணாடிக் குழாயும் கைப்பம்பும் கொண்ட தொகுதியோ அவரிடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எந்த அளவுகருவியும் இல்லாமல் வருபவர் கிட்டங்கியைத் திறக்கும் நாளில் எதை வைத்து "பாதுகாப்பானது" என்று சொல்வார்? என்னைக் கேட்டால், உரிமத்துக்கு அடுத்தபடியாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கவோ ஒதுக்கவோ இந்த ஒரு கேள்வியே போதும்.

போடும் நாள்

வேலையை விடியற்காலையில் தொடங்குவது நல்லது. மழை பெய்துகொண்டிருந்தாலோ, பெய்யும் அறிகுறி இருந்தாலோ தள்ளிவைக்க வேண்டும். சுமைதூக்கும் தொழிலாளர்கள், கணக்கர், காவலாளி, பக்கத்துக் கடைக்காரர்கள், சுற்றிலுமுள்ள வீட்டார் ஆகிய எல்லோருக்கும் முந்தைய நாளே நேரில் சொல்லி, எந்த நாள்வரை கிட்டங்கிப் பக்கம் வரக் கூடாது என்பதையும் தெரிவிக்க வேண்டும். ஆலைகளில் இன்று வடமாநிலத் தொழிலாளர்களும் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரைக் கொண்டு சொல்வித்து, புரிந்துகொண்டார்களா என்று திரும்பக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மருந்தின் அளவு தானியத்தின் எடையைப் பொறுத்தது. உறைக்குள் இருக்கும் அட்டிக்கு, டன் ஒன்றுக்கு 3 கிராம் மாத்திரை 3 என்பது வழக்கமான அளவு. நாஞ்சில் நாட்டில் இன்றும் நெல்லைக் கோட்டை என்ற பழைய அளவைக் கணக்கில் பேசுபவர்கள் உண்டு. வல்லுநரிடம் அந்தக் கணக்கைச் சொல்லாமல், மூட்டை எண்ணிக்கையையும் ஒரு மூட்டையின் எடையையும் எழுதிக் கொடுக்க வேண்டும். 20 டன் அட்டி என்றால் 60 மாத்திரை. உள்ளே வைத்தவை எத்தனை, மீதி எத்தனை என்று உரிமையாளரும் எண்ணிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். மீதமுள்ளதை வல்லுநரே எடுத்துச் செல்ல வேண்டும். "அடுத்த தடவைக்கு இருக்கட்டும்" என்று ஒன்றைக்கூட வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

உறை கிழிசலில்லாத, வாயு கசியாத தடித்த பிளாஸ்டிக் உறையாக இருக்க வேண்டும். சாதாரணத் தார்ப்பாய் மழைக்கு உதவும். வாயுவை அது நிறுத்தாது. மாத்திரை வைப்பதற்கு முன்பே உறையை அட்டியின்மீது விரித்து, வெளிச்சத்தில் ஓட்டை பார்த்து ஒட்டி, மூன்று பக்கமும் தரையோடு அழுத்தி, நான்காவது பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருக்க வேண்டும். ஓரத்தை அழுத்த நீண்ட குழாய் வடிவ மணல் பைகளை ஒன்றன் முனைமேல் மற்றொன்றின் முனை ஏறுமாறு வரிசையாக வைக்க வேண்டும். செங்கல்லும் பாறாங்கல்லும் வைத்தால், ஒரு கல்லுக்கும் மறு கல்லுக்கும் நடுவே உறை தூக்கிக்கொண்டு வாயுவுக்கு வழிவிடும். மூலைகளில் உறை மடிந்து சுருங்கும் இடமே அதிகம் கசிவதால், அங்கே பையை இரட்டையாக வைப்பது வழக்கம்.

மருந்து டப்பாவைத் திறந்த வெளியில், முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். டப்பாவுக்குள் சேர்ந்திருக்கும் வாயு திறந்தவுடன் தீப்பொறி போலப் பற்றுவதும் உண்டு. கையில் உலர்ந்த பருத்தி உறை அணிந்திருக்க வேண்டும். வியர்வைக் கை மாத்திரையைத் தொடக் கூடாது. அருகில் பீடி, சிகரெட், உணவு, குடிநீர் எதுவும் இருக்கக் கூடாது. மாத்திரைகளை ஒன்றோடொன்று தொடாமல் தட்டுகளில் பரப்பியோ, துணிப்பைகளில் பிரித்துப் போட்டோ, அட்டியின் பல பக்கங்களிலும் கீழே மரச்சட்டங்களின் இடைவெளியிலும் வைக்க வேண்டும். தட்டிலோ பையிலோ வைப்பதன் பயன் கடைசி நாளில் தெரியும். தூளைத் தானியத்தில் சிந்தாமல் அப்படியே வெளியே எடுக்க அது உதவும்.

மாத்திரை வைத்தவுடனேயே வாயு முழு வேகத்தில் வருவதில்லை. அதனோடு கலந்துள்ள அம்மோனியம் கார்பமேட் முதலில் அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் விட்டு எச்சரிக்கை தரும். ஆனால் வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் பகுதியில் இந்த அவகாசம் குறைந்துவிடுவதால், முதல் டப்பாவைத் திறந்தது முதல் கடைசி மணல் பையை வைப்பது வரை எல்லாவற்றையும் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பெரிய அட்டியானால் ஆட்களைக் கூட்டிக்கொள்ளலாமே தவிர, நேரத்தை நீட்டக் கூடாது. எந்த அளவானாலும் இருவருக்குக் குறைவாக இந்த வேலையில் இறங்கக் கூடாது. ஒருவர் மயங்கினால் மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூடியிருக்கும் நாட்கள்

ஏழு நாள் மூடி வைக்க வேண்டும் என்றால் ஏழு நாளும் மூடியே இருக்க வேண்டும். மூன்றாம் நாளில் நடமாடும் வண்டுகள் செத்திருக்கும். தானியத்துக்குள் இருக்கும் முட்டையும் கூட்டுப்புழுவும் இன்னும் உயிரோடு இருக்கும். வியாபாரி அவசரமாகக் கேட்கிறார் என்று அப்போதே உறையை எடுப்பவர், சில வாரங்களில் மறுபடியும் அதே பூச்சியைப் பார்ப்பார். இப்படி அரைகுறை அளவிலும் அரைகுறை நாளிலும் தப்பிப் பிழைத்த பூச்சிகளின் வழித்தோன்றல்களே பாஸ்பீனுக்கு அசையாத இனங்களாகப் பெருகியிருக்கின்றன. இந்தியாவில் தானியத் துளைப்பானிலும் சிவப்பு மாவு வண்டிலும் இத்தகைய எதிர்ப்புத்திறன் பதிவாகியிருக்கிறது. அத்தகைய பூச்சி வந்த கிட்டங்கிக்காரர் அளவைக் கூட்டச் சொல்லி வற்புறுத்துவதும், அதனால் ஆபத்து பெருகுவதும் அடுத்து நடப்பவை.

கதவுகள் எல்லாவற்றையும் பூட்டி, சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுத்து வைக்க வேண்டும். மண்டையோட்டுக் குறி வரைந்த எச்சரிக்கைப் பலகையை ஒவ்வொரு வாசலிலும் தொங்கவிட்டு, மருந்தின் பெயர், போட்ட நாள், திறக்கும் நாள், வல்லுநரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழிலும், தேவைப்படும் இடத்தில் இந்தியிலும் மலையாளத்திலும் எழுத வேண்டும்.

காவலாளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிட்டங்கித் திண்ணையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கதவுக்கு அருகில் தலைவைத்துப் படுப்பது அவருடைய அன்றாட வழக்கமாக இருக்கும். மழை பெய்தால் உள்ளே ஒதுங்குவதும் இயல்பு. கதவிடுக்கில் கசியும் வாயுவை இரவு முழுவதும் சுவாசிக்கப்போகிறவர் அவரே. அந்த வாரம் முழுவதும் அவருடைய படுக்கை காற்றோட்டமுள்ள வேறு இடத்துக்கு மாற வேண்டும். அவர் சரி என்று தலையாட்டினால் மட்டும் போதாது, முதல் இரவில் உரிமையாளர் ஒருமுறை போய்ப் பார்த்து வருவது நல்லது. ஆடு, கோழி, நாய் ஆகியவற்றையும் சுவரோரம் கட்டக் கூடாது.

கசிவைக் கண்டுபிடிக்க அளவுகருவியே சிறந்தது. வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்த வடிதாளை உறையின் ஓரத்தில் காட்டினால், வாயு கசியும் இடத்தில் தாள் கறுத்துவிடும். கிட்டங்கிகளில் நெடுங்காலமாகப் பயன்படும் எளிய முறை இது. இதையும் முகக்கவசம் அணிந்த வல்லுநரே செய்ய வேண்டும்.

இடையில் கனமழை பெய்து கூரை ஒழுகுவதாகத் தெரிந்தால் உள்ளே ஓடி உறையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. வல்லுநரை அழைக்க வேண்டும். புகையோ நெருப்போ தென்பட்டால் தண்ணீர் ஊற்றுவது நிலைமையை மோசமாக்கும். ஆட்களை அப்புறப்படுத்திவிட்டு 101-ஐ அழைத்து, "உள்ளே அலுமினியம் பாஸ்பைடு இருக்கிறது" என்பதைத் தீயணைப்புத் துறையினரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். அணைப்பதற்கு உலர்ந்த மணலும் தீயணைக்கும் உலர் தூளும் ஏற்றவை.

திறப்பது

போடும் நாளில் இருக்கும் அச்சம் திறக்கும் நாளில் எவருக்கும் இருப்பதில்லை. ஒரு வாரம் எதுவும் நடக்கவில்லை, லாரி வாசலில் நிற்கிறது, கூலியாட்கள் வந்துவிட்டார்கள் என்ற நிலையில் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போய்விடுகிறார்கள். உண்மையில் உறைக்குள் சேர்ந்திருக்கும் வாயு முழுவதும் மனிதர் இருக்கும் இடத்துக்கு வருவது அப்போதுதான்.

முதலில் கதவுகளையும் சன்னல்களையும் வெளியிலிருந்தே திறக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் திறந்தால் காற்று ஊடுருவும். அதன்பின் கவசம் அணிந்த இருவர் உள்ளே சென்று, உறையின் எதிரெதிர் மூலைகளை மட்டும் தூக்கிவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். சில மணி நேரம் கழித்தே உறையை முழுவதுமாக அகற்ற வேண்டும். அட்டியின் நடுவிலுள்ள மூட்டைகளில் சிக்கிய வாயு மெதுவாகவே வெளியேறும் என்பதால் குறைந்தது 24 மணி நேரக் காற்றோட்டம் தேவை. காற்றசைவே இல்லாத நாட்களில் இன்னும் கூடுதலாகும். மாலையில் கதவுகளை மறுபடியும் மூடிவிட்டுக் காலையில் திறந்தால், இரவில் வெளியேறிய வாயு உள்ளேயே தேங்கி நிற்கும். திருட்டுக்குப் பயந்து கதவை மூடித்தான் ஆக வேண்டுமென்றால், மறுநாள் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

காற்றோட்டத்துக்குப் பிறகு வல்லுநர் தரைமட்டத்திலும், மூச்சு விடும் உயரத்திலும், அட்டிக்கும் சுவருக்கும் இடையிலும், மூட்டைகளின் நடுவிலும் தனித்தனியே அளந்து, எல்லா இடத்திலும் பத்து லட்சத்தில் 0.3 பங்குக்குக் கீழே இருப்பதாக எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை பலகை வாசலிலேயே இருக்கட்டும். தானியத்தை அரைவைக்கோ விற்பனைக்கோ அனுப்புவதற்கு மருந்தின் சீட்டில் குறித்துள்ள இடைவெளியை விடவும் வேண்டும்.

மிஞ்சும் தூள்

மாத்திரை உதிர்ந்த தூள் சுண்ணாம்பைப் போலச் சாதுவாகத் தோன்றும். அதில் வினைபுரியாத மருந்து சிறிதளவு எப்போதும் மிஞ்சியிருக்கும். அதைத் துடைப்பத்தால் கூட்டி வாளியில் போட்டு மூடி வைப்பது, குப்பையோடு சேர்ப்பது, கழிவுநீர்க் குழாயில் ஊற்றுவது ஆகிய மூன்றும் விபத்தை வரவழைப்பவை. தட்டுகளையும் துணிப்பைகளையும் எண்ணிச் சரிபார்த்து எடுத்து, வல்லுநர் கவசத்துடன் திறந்த வெளியில், சோப்புத் தூள் கலந்த தண்ணீருக்குள் இதைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளற வேண்டும். தூளின்மீது தண்ணீரை ஊற்றுவது எதிர்மறை வேலை. அப்படிச் செய்தால் நெருப்பு பிடிக்கும். குமிழ் அடங்கிய பிறகு அதைக் கிணறு, குளம், வாய்க்கால் ஆகியவற்றிலிருந்து தொலைவில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். ஊருக்கு ஊர் குளமும் வீட்டுக்கு வீடு கிணறும் உள்ள நம் பகுதியில் இந்தக் குழிக்கான இடத்தை வேலை தொடங்குவதற்கு முன்பே பார்த்துவைப்பது அவசியம். காலி டப்பாக்களை வல்லுநர் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். உறுதியான அலுமினிய டப்பா என்று அதில் மிளகாய்த்தூள் போட்டு வைக்க ஆசைப்படுபவர்கள் இன்றும் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யாருக்காவது உடல்நிலை கெட்டால்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, இருமல், நெஞ்சு இறுக்கம், காரணமில்லாத களைப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். இவற்றைப் பித்தம் என்றும், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றும் எண்ணிக்கொண்டு வீட்டில் படுத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. கிட்டங்கிக்கு அருகில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் வாந்தி வந்தால், வேறு எதையும் யோசிப்பதற்கு முன்பு எல்லோரும் வீட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும்.

மயங்கிக் கிடப்பவரைத் தூக்க, கவசமில்லாமல் கிட்டங்கிக்குள் பாயக் கூடாது; காப்பாற்றப் போனவரும் அருகிலேயே விழுவார். வெளியே கொண்டுவந்தவரைக் காற்றோட்டத்தில் படுக்கவைத்து, ஆடையைத் தளர்த்தி, 108-ஐ அழைக்க வேண்டும். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கக் கூடாது. மாத்திரையோ தூளோ வாய்க்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்கவோ, தண்ணீரோ மோரோ புகட்டவோ கூடாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்று தீவிர சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கே நேராகக் கொண்டுசெல்ல வேண்டும். வண்டியின் சன்னல்கள் திறந்திருக்கட்டும். மருந்துச் சீட்டின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்து மருத்துவரிடம் காட்டினால் நேரம் மிச்சமாகும். அறிகுறிகள் தணிந்தவர்களுக்கும் நுரையீரலில் நீர் கோத்தல் ஓரிரு நாள் கழித்து வரலாம். எனவே "இப்ப பரவாயில்ல" என்று பாதியில் திரும்பிவிடாமல் மருத்துவர் சொல்லும்வரை கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

அதன் பிறகு

கிட்டங்கி காலியான இடங்களில் சுவர், தரை, மரச்சட்டங்களின் இடுக்கு ஆகியவற்றைக் கூட்டி, சிந்திய பழைய தானியத்தையும் தவிட்டையும் அகற்ற வேண்டும். அடுத்த பூச்சிக்கூட்டம் அங்கிருந்தே தொடங்குகிறது. பழைய சாக்குகளைப் புதிய நெல்லோடு சேர்த்து அடுக்கக் கூடாது. சுவருக்கும் அட்டிக்கும் இடையே ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டால் மறுமுறை உறை போடவும் வசதியாக இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பூச்சிப் பொறியைப் பார்த்து, பூச்சியின் எண்ணிக்கையையும் ஈரத்தின் அளவையும், முன்பு மாத்திரைக் கணக்கு எழுதிய அதே பதிவேட்டில் தொடர்ந்து எழுதிவர வேண்டும். ஏழு நாள் முழுமையாக மூடி வைத்தும் ஒரு மாதத்துக்குள் உயிருள்ள வண்டு தென்பட்டால், மறுபடியும் மாத்திரை வாங்குவதற்கு முன்பு அந்தப் பதிவேட்டோடும் ஒரு குப்பியில் அடைத்த பூச்சிகளோடும் வேளாண்மைத் துறை அலுவலரை அணுகலாம். உறை கசிந்ததா, பூச்சி எதிர்ப்புத்திறன் பெற்றதா என்று பிரித்தறிய அந்த இரண்டும் தேவைப்படும்.